கீழ் ஓரத்தில் ஒரு சாண்

திருநெல்வேலி
28.4.2025

அண்ணி,

சனிக்கிழமை போனைப் பாதியில் வைத்தது என் தவறு. அதற்கு முன் நீங்கள் சொன்னது உங்கள் தவறு. இரண்டையும் இந்த இரண்டு வரியோடு விட்டுவிடலாம். கொஞ்ச நாளைக்கு நாம் எழுதிக்கொள்வதே நல்லது. போனில் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். காகிதத்தில் இரண்டுக்கும் வழியில்லை.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மார்ச் மாதம் நான் லீவு போட்டு வந்து, எலக்ட்ரீஷியன் பிராங்கிளினை வைத்து உங்கள் மொட்டை மாடியில் இரண்டு சோலார் பேனல் போட்டேன். பேனலிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து ஃப்ரீசர். தெருவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து பழைய ஃப்ரீசர் எரிந்துபோனதால்தான் இந்த ஏற்பாடு. ஃப்ரீசர் ஓடினால் அண்ணன் படகில் கொண்டுவரும் மீனை நீங்கள் வீட்டு வாசலிலேயே வைத்து விற்கலாம். ஓடாவிட்டால் மறுபடியும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விம்கோ நகர் தெருக்களில் நடக்க வேண்டும். உங்கள் முழங்கால் இனி அதைத் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ராத்திரி எட்டு மணிக்கே ஃப்ரீசர் நின்றுவிடுகிறது, இரண்டு முறை மீன் கெட்டுவிட்டது என்கிறீர்கள். பிடிக்காவிட்டால் ஜூன் முப்பதுக்குள் பேனலைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். “உன் படிப்பு எங்கள் மாடியில் வேலை செய்யவில்லை” என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. நானே சொன்னதாக இருந்தாலும் சரி.

மாடிப்படி அருகில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறதே, அதில் வாட் என்று ஓர் எண் ஓடும். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, மதியம் இரண்டு, மாலை நான்கு. இந்த ஐந்து வேளையும் அந்த எண்ணை எழுதுங்கள். வானம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். நல்ல வெயிலில் உச்சியில் ஐந்நூறுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். துறைமுகத்து நிலக்கரித் தூசும் லாரித் தூசும் கண்ணாடியில் படியும். ஈரத் துணியால் துடைக்கவும்.

ரேகா

திருவொற்றியூர்
6.5.2025

ரேகா,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்ததும் உன் அண்ணன் அதைத் தொடவே இல்லை. “இன்னாம்மே, என் தங்கச்சி நம்ம மேல கேஸ் போட்டுகீதா?” என்று கேட்டார். பிரித்துப் படித்துக் காட்டினேன். “இதுக்கு கேஸே தேவலாம்” என்றார்.

நானும் பத்தாவது வரைக்கும் படித்தவள்தான். நீ எழுதினால் நானும் எழுதுவேன். நீ கேட்ட எண் எல்லாம் இதோ.

இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். எட்டு மணிக்கு 190. பத்துக்கு 45. பன்னிரண்டுக்கு 50. இரண்டுக்கு 40. நான்குக்கு 210.

மூன்றாம் தேதியும் நான்காம் தேதியும் அதே மாதிரிதான். பெரிய வித்தியாசம் இல்லை. நான்காம் தேதி கத்திரி வேறு ஆரம்பித்துவிட்டது, மாடியில் கால் வைக்க முடியவில்லை.

ஐந்தாம் தேதி மப்பு. காலையிலிருந்து ஒரே இருட்டாகக் கிடந்தது. எட்டு மணிக்கு 60. பத்துக்கு 140. பன்னிரண்டுக்கு 170. இரண்டுக்கு 160. நான்குக்கு 70.

பார்த்தாயா, உன் பேனல் உன்னை மாதிரிதான். சூடு ஏறினால் வைத்துவிடுகிறது.

பிராங்கிளினைக் கூப்பிட்டேன். நேற்று மாலை வந்து பெட்டியைத் திறந்து எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்தான். “எல்லாம் டைட்டா கீது யக்கா. மீட்டரும் கரீட்டா கீது. வெயில்ல இன்னாத்துக்கு படுத்துக்குதுன்னு தெர்ல. ஆனா ஒண்ணு, மெட்ராஸ்லயே இவ்ளோ சுத்தமான பேனல நான் பாத்ததில்ல” என்றான். தூசு, தூசு என்று நீ எழுதியிருக்கிறாயே, தினமும் சாயங்காலம் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். முழங்கால் வலியோடு படி ஏறித்தான் கழுவுகிறேன்.

காக்காய்த் தொல்லைதான் தாங்க முடியவில்லை. அந்தக் கண்ணாடி மேலேயே வந்து உட்காருகின்றன. விரட்டி விரட்டிக் கை ஓய்ந்துவிட்டது.

போன வாரமும் அரைக் கூடை சங்கரா வீணாகிவிட்டது. பூனைக்குப் போட்டேன். அது உனக்கு நன்றி சொல்கிறது.

கோவிந்தம்மா

திருநெல்வேலி
11.5.2025

அண்ணி,

எண்களை ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. அவற்றை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேக நாளின் உச்சியில் 170, வெயில் நாளின் உச்சியில் 50. அப்படிப்பட்ட பேனல் உலகத்தில் கிடையாது. காலை எட்டு மணி வெயிலில் 190 கொடுப்பது பத்து மணிக்கு 45க்கு இறங்குவதும் கிடையாது. எண்கள் தவறாக எழுதப்பட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பொய்யாக எழுதுகிறவர்கள் நம்பும்படியாக எழுதுவார்கள். இதை யாரும் கற்பனை செய்து எழுத மாட்டார்கள்.

அப்படியானால் வெயில் நாட்களில் பத்து மணியிலிருந்து மாலைவரை ஏதோ ஒன்று பேனலை மறைக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழலாக இருக்க முடியாது. இந்த மாதத்தில் உச்சி வேளைச் சூரியன் நம் ஊரில் ஏறத்தாழ நடுத்தலைக்கு மேல் நிற்கும், தொட்டியின் நிழல் தொட்டியின் காலடியிலேயே கிடக்கும். மேக நாளில் மறைக்காமல் வெயில் நாளில் மட்டும் மறைக்கும் பொருள் எது?

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. தூசைக் கழுவ வெறும் தண்ணீர் போதும். சோப்பு எதற்கு? சோப்பு எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் வேண்டும். அப்புறம், வெறும் கண்ணாடியின் மேல் காகத்துக்கு என்ன வேலை?

பேனலின் மேல் என்ன காயப்போடுகிறீர்கள் அண்ணி? நெத்திலியா?

ரேகா

திருவொற்றியூர்
16.5.2025

ரேகா,

ஆமாம். நெத்திலிதான்.

கண்டுபிடித்துவிட்டாய், சந்தோஷமா? உன் கடிதத்தைப் படித்ததும் முகம் எரிந்தது. எதிரில் நின்று கேட்டிருந்தால் நான் சண்டை போட்டு முடித்திருப்பேன். இப்படிக் காகிதத்தில் கேட்டால் என்ன செய்வது?

இப்போது நான் சொல்வதைக் கேள். முன்பெல்லாம் மணலில்தான் காயப்போடுவோம். இப்போது எதிரே கன்டெய்னர் லாரி நாள் முழுக்க ஓடுகிறது. மணலில் போட்ட மீன் மாலைக்குள் கறுத்துவிடும். வாங்குகிறவர்கள் கடித்துப் பார்த்துத் துப்புகிறார்கள். எங்களுக்குச் சுத்தமான இடம் என்று இருந்தது அந்த மொட்டை மாடி ஒன்றுதான். நீ வந்தாய். தெற்கு எது என்று போனில் பார்த்தாய். எத்தனை பாகை சரிவு என்று பிராங்கிளினிடம் சொன்னாய். டேப் வைத்து அளந்தாய். அந்தச் சின்ன மாடி முழுவதையும் அடைத்தாய். “அண்ணி, இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கண்ணாடி சுத்தமாக இருந்தது, சூடாக இருந்தது, சரிவாக இருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. கடவுளே மீன் காயப்போடச் செய்து கொடுத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் உன் பொருள் என்பதால் பயந்து பயந்து கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பினேன். மீன் சரிந்து விழாமல் இருக்க ஒரு மூங்கில் குச்சியைக் கட்டினேன். மாலையானால் கழுவிவிடுவேன். பிராங்கிளின் வந்த அன்று மப்பு என்பதால் மீன் போடவில்லை, குச்சியை மட்டும் அவிழ்த்து மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீனுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி கொதித்தது. சூடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, மீன் எதையும் தடுக்கவில்லை என்று நினைத்தேன். அப்படியே தடுத்தாலும் நான் மூடியது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பத்தில் ஒரு பங்கு கரண்ட் குறைந்தால் நியாயம். பத்தில் ஒன்பது பங்கு ஏன் குறைகிறது? பொய் சொன்னேன் என்று நீ எழுதுவதற்கு முன் இதற்கு ஒரு பதில் சொல்.

இன்னொன்று. நான் கல்யாணமாகி வந்தபோது நீ காலேஜ் போய்க்கொண்டிருந்தாய். மாடியில் உட்கார்ந்துதான் படிப்பாய். “நாத்தம் தாங்க முடியவில்லை, புத்தகமெல்லாம் கருவாடு வாசனை” என்றாய். அன்றைக்கே மீனை மணலுக்கு இறக்கினேன். நீ வேலைக்குப் போன பிறகுதான் மேலே ஏற்றினேன். இப்போது பேனலோடு வந்து மறுபடியும் இறக்கச் சொல்கிறாய். ஒரு மாடிக்கு நான் எத்தனை முறை இறங்குவது?

பேனலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். விற்றவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை உன் அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறார். கூடை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

கோவிந்தம்மா

திருநெல்வேலி
20.5.2025

அண்ணி,

காகிதம் கிடைத்தாலும் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது.

நீங்கள் மீனை மணலுக்கு இறக்கியது எனக்குத் தெரியாது. நான் நாற்றம் என்று சொன்னது நினைவிருக்கிறது. மறுநாள் நாற்றம் இல்லாமல் போனதும் நினைவிருக்கிறது. காரணம் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. எதற்கும் காரணம் கேட்பவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். மார்ச்சிலும் கேட்கவில்லை. சூரியன் எங்கே வரும் என்பதை மட்டும் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பத்தில் ஒரு பங்கை மூடினால் பத்தில் ஒன்பது ஏன் போகிறது? மூன்று வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். ஒரு மாணவர்கூட இதைக் கேட்டதில்லை.

முதலில் சூட்டை விட்டுவிடுங்கள். பேனல் சூட்டால் வேலை செய்வதில்லை, வெளிச்சத்தால் வேலை செய்கிறது. அந்தக் கறுப்புச் சதுரங்கள் சிலிக்கான் என்ற பொருள். அதற்குள் எலக்ட்ரான்கள் தங்கள் இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் வந்து விழும்போது சிலவற்றை எழுப்பிவிடுகிறது. எழுந்தவை மறுபடி உட்காருவதற்குள் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளும்படி அந்தப் பொருளை முன்பே பக்குவப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரே பக்கம் ஓடுவதுதான் கரண்ட். சூடு உதவாது, சொல்லப்போனால் சூடு அதிகமானால் பேனல் சற்று மந்தமாகிவிடும். நீங்களே சாட்சி. ஐந்தாம் தேதி மப்பு நாளில் கண்ணாடி கொதித்ததா? இல்லை. ஆனாலும் 170 வந்தது. மீனுக்கு அடியில் சூடு போனது உண்மை. வெளிச்சம் போகவில்லை.

அடுத்தது அந்த ஒரு சாண். காசிமேட்டில் படகிலிருந்து கரைக்குக் கூடை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுகிறார்கள். ஒரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் இருபதில் ஒரு பங்கா குறையும்? வரிசையே நின்றுவிடும். பேனலில் அறுபது சதுரம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். அவை இருபது இருபதாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையும் பத்துச் சதுரம் கீழே இறங்கி, பக்கத்திலேயே மறுபடி பத்துச் சதுரம் மேலே ஏறும். ஒரு வரிசை நின்றுபோனால் மற்ற இரண்டும் ஓடுவதற்கு ஒரு மாற்றுவழியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கீழ் ஓரம் முழுக்க மீனைப் பரப்பியதால் மூன்று வரிசையிலும் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். மாற்றுவழியாலும் பயனில்லை.

தவறு செய்ய நினைத்துத் தேடியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

நெத்திலியை எங்கே காயப்போடுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ரேகா

திருவொற்றியூர்
27.5.2025

ரேகா,

நீ எழுதியதை அப்படியே நம்புவதற்கு நான் உன் ஸ்டூடண்ட் இல்லை. நானே பார்த்தேன்.

சனிக்கிழமை, நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கு மீன் எதுவும் இல்லாமல் 495. கீழ் ஓரம் முழுக்க வைத்தேன், 45. அதை எடுத்து மேல் ஓரத்தில் வைத்தேன், அதுவும் 45தான். அப்புறம் உன் மூன்று வரிசையை நினைத்துக்கொண்டு, அதே மீனை நீளவாக்கில், இரண்டு பேனலிலும் ஒரு பக்கத்து ஓரமாக மேலிருந்து கீழே பரப்பினேன். 320! மீன் அதே மீன். ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை. ஒரு வரிசை மட்டும் நின்றது, இரண்டு ஓடியது. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்போ இத்தினி நாளா எம்பொண்டாட்டியும் என் தங்கச்சியும் ஒரு சாணுக்குத்தான் அட்ச்சிக்கினீங்களா?” என்று கேட்டார்.

ஞாயிறும் திங்களும் மீனே வைக்கவில்லை. இன்று காலை ஃப்ரீசர் மூடியைத் திறந்தேன். வஞ்சிரம் கல் மாதிரி இருந்தது. விரலால் தட்டினேன், டக் டக் என்று கேட்டது. அந்தச் சத்தத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆனால் இந்த இரண்டு நாள் நெத்திலியை மணலில் போட்டேன், கறுத்துவிட்டது. கருவாட்டை விட முடியாது ரேகா. மீன் வராத நாளில் எங்களுக்கு அதுதான் வியாபாரம். ஃப்ரீசர் வேண்டும் என்றால் நெத்திலிக்கு இடமில்லை, நெத்திலி வேண்டும் என்றால் ஃப்ரீசர் இல்லை. இப்படி ஆகிவிட்டது.

நேற்று ஒன்று தோன்றியது. கண்ணாடியைத் துடைக்கும்போது பேனலுக்கு அடியில் கையை விட்டேன். அடியிலும் அனல் அடிக்கிறது. பேனலை நான்கு பைப் நட்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் என்ன? மேலே வெளிச்சம் உனக்கு. அடியில் அனலும் கடல் காற்றும் எனக்கு. வலையைக் கட்டி அதில் நெத்திலியைப் பரப்புகிறேன். காக்காயும் வராது, பேனல் கூரை மாதிரி இருக்கும்.

சரிவருமா, சொல்.

கோவிந்தம்மா

திருநெல்வேலி
31.5.2025

அண்ணி,

நீளவாக்கில் வைத்துப் பார்த்தது என் கடிதத்தில் இல்லாத சோதனை. என் வகுப்பில் சொல்லப் போகிறேன், உங்கள் பெயரைச் சொல்லியே.

பேனலைத் தூக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடியில் காற்று ஓடினால் சூடு குறையும், கரண்ட் சிறிது கூடும். ஆனால் கடற்கரைக் காற்று பலமானது. பைப்பை கான்கிரீட்டில் புதைக்க வேண்டும், பிராங்கிளின் கயிறு கட்டிவிட்டுப் போகக் கூடாது.

மீன் காயுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நேர் வெயில் இல்லாமல் ஈரம் எந்த அளவு போகும் என்று எனக்குத் தெரியாது. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு புழு வைக்கும், உங்கள் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். அதனால் நம்ப வேண்டாம், அளப்போம். ஒரே நாள் மீன், ஒரு தட்டில் ஒரு கிலோ. ஒரு தட்டு பேனலுக்கு அடியில், இன்னொன்று வெளியே வெயிலில். தினமும் மாலை இரண்டையும் தராசில் வையுங்கள். எடை இறங்குவது நிற்கும்போது எழுதுங்கள்.

பேனலைத் திருப்பிக் கொடுக்க ஜூன் முப்பதுதான் கெடு, நினைவிருக்கட்டும்.

ரேகா

திருவொற்றியூர்
11.6.2025

ரேகா,

பைப் நட்டாயிற்று. பிராங்கிளின் இரண்டு நாள் வேலை செய்தான். மூன்றாம் நாள் கான்கிரீட் காய்ந்தபின் பேனல் ஏறியது. இப்போது உச்சியில் 505 காட்டுகிறது. ஃப்ரீசர் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆனால் மீன் விஷயத்தில் நீ சந்தேகப்பட்டது சரிதான் போல.

வெயில் தட்டு இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ 250 கிராமுக்கு வந்து நின்றது. அடியில் இருந்த தட்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டது, அப்படியும் 290க்குக் கீழே இறங்கவில்லை. நான்காம் நாளும் வைத்துப் பார்த்தேன், 290தான். நாற்பது கிராம் ஈரம் உள்ளேயே நிற்கிறது என்று உன் அண்ணன் சொல்கிறார். ஒரு கிலோவுக்கு நாற்பது என்றால் ஒரு மூட்டைக்கு எவ்வளவு? மழை நாளில் எல்லாம் புழுத்துப் போகும்.

ராயபுரத்திலிருந்து அடைக்கலமேரி வந்தாள். என்னிடம் பத்து வருடமாகக் கருவாடு எடுக்கிறவள். எது எங்கே காய்ந்தது என்று சொல்லாமல் இரண்டு தட்டையும் காட்டினேன். அடித்தட்டை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். “இது இன்னா கோவிந்தம்மா, வெள்ளி மாரி கீது! இத்த எனக்கு குடு, அந்த மஞ்சள் மூஞ்சிய நீயே வெச்சிக்க” என்றாள். ஈரம் நிற்கிறதே என்றேன். “எனக்கு பல்லு கீது, எனக்குத் தெரியும்” என்கிறாள். அவள் பேச்சை நம்பி மூட்டையாக விற்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் பல்லைவிட என் தராசு பெரியது.

நீ அளக்கச் சொல்லியிருக்காவிட்டால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பேனலைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

கோவிந்தம்மா

திருநெல்வேலி
15.6.2025

அண்ணி,

ஒரே ஒரு கேள்வி. வெயிலில் வைத்த தட்டுக்குக் காகம் வந்ததா?

வந்திருந்தால், அது தின்ற மீனையெல்லாம் போன ஈரத்தோடு சேர்த்துவிட்டீர்கள். தட்டை மூடி வைக்கும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு, தராசின் தவறு இல்லை. காகம் என்ற ஒன்று நம் ஊரில் இருப்பதை, நீங்கள் எழுதியும் நான் மறந்துவிட்டேன்.

இரண்டு தட்டிலும் மீதி இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் நூறு மீனை எண்ணி எடுத்து நிறுத்துப் பாருங்கள். தட்டின் எடை வேண்டாம், மீனின் எடைதான் வேண்டும்.

இந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க எனக்கே பொறுமை இல்லை. போன் செய்யலாமா என்று இரண்டு முறை எடுத்தேன், வைத்துவிட்டேன். நம்முடைய ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ரேகா

திருவொற்றியூர்
21.6.2025

ரேகா,

காக்காய் வந்ததாவா? அதுதானே அங்கே குடியிருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தட்டில் போடும்போதே நான் எண்ணித்தான் போட்டேன். ஒரு தட்டுக்கு இருநூற்று அறுபது. அதை எழுதினால் நெத்திலியை எண்ணுகிறாளே என்று நீ சிரிப்பாய் என்றுதான் எழுதவில்லை. உன் கடிதம் வந்ததும் ஓடிப்போய் மறுபடி எண்ணினேன். அடித்தட்டில் இருநூற்று அறுபதும் இருக்கிறது. வெயில் தட்டில் இருநூற்று இருபத்தொன்பது. முப்பத்தொரு மீனைக் காக்காய் கொண்டுபோயிருக்கிறது. நல்லவேளை, அடைக்கலமேரிக்கு இன்னும் கொடுக்கவில்லை.

நூறு நூறாக எடுத்து நிறுத்தேன். மளிகைக் கடையில் லியாகத் பாய் வைத்திருக்கும் சின்னத் தராசில்தான் நிறுத்தேன். கிராம்கூடத் தப்பாத தராசு அது. பாய் பேப்பர் விரித்துக் கொடுத்தார். வெயில் மீன் நூறு, 109 கிராம். அடி மீன் நூறு, 112 கிராம்.

மூன்று கிராம் ரேகா. நூறு மீனுக்கு மூன்று கிராம். நாற்பது கிராமில் முப்பத்துநான்கு காக்காய் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

உன் அண்ணனிடம் சொன்னேன். “அப்போ காக்காவையும் புட்ச்சி நிறுத்திருக்கணும்” என்றார். பிறகு தேடி எடுத்து வைத்திருந்த அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஃப்ரீசர் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார். இனி அது ஆடாது.

ஒரு நாள் கூடுதலாக ஆகிறது, ஆகட்டும். காக்காய் விரட்ட வேண்டியதில்லை, சாயங்காலம் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. அடைக்கலமேரி இப்போது அடி மீனை மட்டும்தான் எடுப்பேன் என்கிறாள். வாசலில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். நேற்று விம்கோ நகரிலிருந்து நான் வழக்கமாக மீன் போடும் ரமாபாய் ரயிலேறி வந்துவிட்டார். “இத்தினி வருஷம் நீ எங்க வூட்டுக்கு வந்த, இப்ப நான் உங்க வூட்டுக்கு வரேன், கணக்கு சரியாப் போச்சு” என்றார். உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன். மீன் விற்கப் போன இடத்தில் அவர் எனக்குக் கொடுப்பார். நான் அவருக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

கூடையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். எறியவில்லை. பெட்டிக்கு எதிரில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். ஐந்து வேளையும் எண் பார்க்க நின்றுகொண்டே இருந்தால் முழங்கால் வலிக்கிறது. இப்போது அதன் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலைக்கு மேல் இருந்த வரைக்கும் கனமாக இருந்தது. உட்கார்ந்தால் சரியான உயரம்.

ஒரு சந்தேகம் இருக்கிறது. பௌர்ணமி அன்று ராத்திரி துணி எடுக்கப் போனபோது பெட்டியைப் பார்த்தேன். நிலா நன்றாக அடித்தது, எண் சைபர். நிலாவும் வெளிச்சம்தானே? சூடு தேவையில்லை, வெளிச்சம் போதும் என்று நீதானே எழுதினாய்? எலக்ட்ரான் ஒன்றுகூடவா எழவில்லை, இல்லை எழுந்தும் என் பெட்டிக்குத் தெரியவில்லையா? நிதானமாகப் பதில் எழுது. அளந்து பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆடி மாதம் லீவு கிடைத்தால் வா. மாடியில் மேலே பேனல், கீழே நெத்திலி. உனக்கு அங்கே இடமில்லை, மன்னித்துக்கொள். படிக்கட்டில் உட்கார்ந்து படி. நாற்றம் வரும்.

கோவிந்தம்மா